‘நல்ல டவுன்லோட் தளம் எது?’ என்று கேட்காதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து தேவைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். உறவினர் அனுப்பிய கல்யாண வீடியோ ஓட மறுக்கும். தேர்வு விண்ணப்பத்திற்குப் போட்டோவின் அளவைக் குறைக்கச் சொல்வார்கள். பையனின் பள்ளி புராஜெக்டுக்கு ஏதாவது ஒரு படம் வரையும் புரோகிராம் வேண்டும். கையில் மென்பொருள் இல்லை, காசு கொடுத்து வாங்கவும் மனமில்லை. உடனே தெரிந்தவர்களிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இலவச புரோகிராம் டவுன்லோட் செய்ய நல்ல தளம் எது?”

இந்தக் கேள்வியையே நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. “இந்தப் புரோகிராமை எழுதியது யார், அவருடைய சொந்தத் தளம் எது?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். இல்லை. முதல் கேள்வி உங்களைச் சந்தைக்கு அனுப்புகிறது. இரண்டாவது கேள்வி நேராகத் தறிக்காரர் வீட்டுக்கே அனுப்புகிறது.

சந்தை ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு சிறிய வரலாறு இருக்கிறது. இன்டர்நெட் பரவத் தொடங்கிய காலத்தில் டுகோஸ் என்ற தளம் மிகப் பிரபலம். நல்ல புரோகிராமுக்கு ஐந்து பசு மாடுகள் என்று மார்க் போடும். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில்கூட அந்த மாடுகளைப் பார்த்து டவுன்லோட் செய்தவர்கள் உண்டு. 2021-ன் தொடக்கத்தில் அந்த டவுன்லோட் பகுதியையே மூடிவிட்டார்கள். டவுன்லோட் டாட் காம் இன்னும் பெரிய பெயர். சிநெட் நிறுவனத்தின் தளம். 2011-ல் அங்கே ஒரு புதுப் பழக்கம் வந்தது. நீங்கள் கேட்ட புரோகிராமைத் தராமல், தங்களுடைய சொந்த இன்ஸ்டாலர் ஒன்றைத் தந்தார்கள். அது புரோகிராமை இறக்கும்போதே கூடவே ஒரு டூல்பாரை ஒட்டும், பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் மாற்றும். அந்த ஆண்டு டிசம்பரில் என்மேப் என்ற இலவச புரோகிராமின் ஆசிரியர் கார்டன் லையன் “என் புரோகிராமோடு எதை ஒட்டிக் கொடுக்கிறீர்கள்?” என்று பகிரங்கமாகச் சண்டை பிடித்தார். சிநெட் மன்னிப்புக் கேட்டது.

சோர்ஸ்போர்ஜ் கதை இதைவிட வருத்தமானது. ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களின் தாய்வீடு என்று ஒரு காலத்தில் அதைச் சொல்வார்கள். 2013-ல் அதுவும் விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கட்டித் தரும் இன்ஸ்டாலரைக் கொண்டுவந்தது. பக்கம் முழுக்க ‘டவுன்லோட்’ என்று எழுதிய விளம்பரப் பட்டன்கள் வேறு. படங்களைத் திருத்தும் கிம்ப் புரோகிராமின் விண்டோஸ் பிரிவினர் அந்த நவம்பரில் வெளியேறித் தங்கள் சொந்தத் தளத்திற்குப் போனார்கள். போனவர்களின் பழைய பக்கத்தை 2015-ல் சோர்ஸ்போர்ஜே எடுத்துக்கொண்டு, விளம்பரங்கள் கட்டிய கிம்ப்பை அங்கே வைத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பின்தான் நீக்கினார்கள். 2016-ல் தளம் கைமாறியது. புது உரிமையாளர்கள் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள்.

ஆக, 2010-ல் ஒருவர் ‘பாதுகாப்பான பத்துத் தளங்கள்’ என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தால், இந்த மூன்றும் அதில் நிச்சயம் இருந்திருக்கும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்தப் பட்டியலை வைத்திருந்தவர் பாடு என்னவாகியிருக்கும்? பட்டியல் போட்டவர் பொய் சொல்லவில்லை. தளங்கள்தான் மாறின. கைமாறுகின்றன, வருமானம் குறையும்போது விளம்பரத்துக்கு இடம் கொடுக்கின்றன. அதனால்தான் பட்டியல்களை நான் நம்புவதில்லை. இந்தக் கட்டுரையிலும் அப்படி ஒன்று கிடையாது.

சரி, ஆசிரியரின் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுளில் பெயரை அடித்து முதலில் வருவதைக் கிளிக் செய்வதா? அங்கேதான் இன்று பெரிய பள்ளம் இருக்கிறது. தேடல் முடிவுகளின் தலையில் வருவது பல நேரங்களில் விளம்பரம். காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் அந்த இடம் கிடைக்கும். 2022 அக்டோபரில் கூகுளில் கிம்ப் என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்த முகவரி கிம்ப்பின் உண்மையான முகவரியேதான். ஆனால் கிளிக் செய்தால் ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் மாறிய வேறொரு தளத்திற்குப் போனது. அச்சு அசலாக அதே தோற்றம். அங்கிருந்து இறங்கியது பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. இப்படிப்பட்ட தேடல் விளம்பரங்களைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. அடுத்த மாதம் வி.எல்.சி., 7-ஜிப், நோட்பேட்++ என்று வீட்டுக்கு வீடு பயன்படும் பெயர்களில் எல்லாம் போலி விளம்பரங்கள் குவிந்தன. இந்தத் தந்திரம் இன்றும் ஓயவில்லை.

எனவே ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘விளம்பரம்’ என்ற சிறிய எழுத்து எங்கே தெரிந்தாலும் அந்த வரியைத் தாண்டிச் செல்லுங்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. விக்கிப்பீடியாவில் அந்தப் புரோகிராமின் பக்கத்தைத் திறந்தால், ஓரத்தில் உள்ள பெட்டியில் அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி இருக்கும். ஒரு முறை பார்த்துப் பிரவுசரில் புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரியை நாமே ஊகிக்கவும் கூடாது. வி.எல்.சி.யின் வீடு ‘விடியோலேன் டாட் ஆர்க்’. பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய விடியோலேன் என்ற திட்டத்தில் பிறந்த பிளேயர் என்பதால் அந்தப் பெயர். 7-ஜிப்புக்கு நடுவில் சிறு கோடு உண்டு, முடிவில் ‘டாட் ஆர்க்’. இந்த மாதிரிப் பெயர்களைச் சற்றே மாற்றி, ‘டாட் காம்’ சேர்த்துக் காத்திருப்பவர்கள் ஏராளம். விண்டோஸில் உள்ள மைக்ரோசாப்ட் ஸ்டோரும் ஒரு வழிதான். ஆனால் அங்கேயும் பெயரை மட்டும் பார்க்காமல், வெளியிட்டவர் யார் என்ற வரியைப் படித்துவிட்டு இன்ஸ்டால் செய்திடுங்கள்.

இதில் நமக்கு ஒரு தனிச் சங்கடமும் நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் இந்தியாவில் விடியோலேன் தளமே திறக்காமல் போனது. அரசு உத்தரவில் தடை, நவம்பரில்தான் நீக்கப்பட்டது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த வி.எல்.சி. வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக இறக்க வந்தவர்களுக்கோ அசல் வீட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. பாதுகாப்புக்காகப் போட்ட தடை, மக்களை எந்தச் சந்தைகளைத் தவிர்க்கச் சொல்கிறோமோ அவற்றை நோக்கியே தள்ளியது. இதைச் சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அசல் வீட்டுக்கே போனால் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017-ல் சிகிளீனர் புரோகிராமுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைத் தயாரித்த இடத்திலேயே திருடர்கள் புகுந்து, அசல் பைலுக்குள்ளேயே விஷத்தைக் கலந்துவிட்டார்கள். நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தும் அதில் முறையாக இருந்தது. ஆகஸ்ட் நடுவில் வெளிவந்தது, செப்டம்பரில்தான் தெரிந்தது. அதற்குள் 22 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஏறிவிட்டது. கிணற்றிலேயே விஷம் கலந்தால் குடம் என்ன செய்யும்? ஆனால் இப்படி நடப்பது அபூர்வம். நடந்தபோது உலகமே பேசியது, ஒரு மாதத்தில் திருத்திய பதிப்பும் வந்தது. ஊர் பேர் தெரியாத தளத்தில் கலப்படம் நடந்தால் யார் பேசுவார்கள்?

அந்தச் சம்பவத்தில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. கம்ப்யூட்டரைச் ‘சுத்தம்’ செய்யும் புரோகிராமே வீட்டுக்குத் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கிறேன், வேகத்தைக் கூட்டுகிறேன், டிரைவர்களைப் புதுப்பிக்கிறேன் என்று வருபவை பெரும்பாலும் இல்லாத நோய்க்கு மருந்து விற்பவை. தேவையற்ற பைல்களை நீக்க விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியே போதும்.

இதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லலாம். டவுன்லோட் செய்யப் போகும் முன், அந்த வசதி கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பி.டி.எப். பைலை எட்ஜ் பிரவுசரே திறக்கும். ஜிப் பைல் மட்டுமல்ல, ஆர்.ஏ.ஆர். பைலையும் 2023 முதல் விண்டோஸ் 11 தானே பிரிக்கிறது. வைரஸ் தடுப்புக்கு டிபெண்டர் இருக்கிறது. அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் போனடிக் கீபோர்டு 2019 மே அப்டேட் முதல் விண்டோஸிலேயே சேர்ந்துவிட்டது. இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் என்று இலவசமாகக் கிடைத்த புரோகிராம்களில்தான் ஒரு தலைமுறையே தமிழ் அடிக்கக் கற்றது. அந்த நன்றி எனக்கு உண்டு. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் விண்டோஸில் இருப்பதைப் பழகிப் பார்க்கலாம். போதவில்லை என்றால் மற்றதைத் தேடலாம்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ப்ரீவேர் என்றால் காசு வேண்டாம் என்று ஆசிரியரே சொல்லிக் கொடுப்பது. ஆனால் நிபந்தனை இருக்கலாம். போட்டோ பார்க்க உதவும் இர்பான்வியூ நல்ல உதாரணம். 1996-லிருந்து இர்பான் ஸ்கில்ஜன் என்ற ஒருவர் எழுதி வருவது. வீட்டில் பயன்படுத்த இலவசம், அலுவலகத்தில் போட்டால் காசு கட்ட வேண்டும். ஓப்பன் சோர்ஸ் என்றால் புரோகிராமின் மூல வரிகளையே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருப்பது, வி.எல்.சி., 7-ஜிப், கிம்ப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் இந்த வகை. ஷேர்வேர் என்பது சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள் என்னும் கடை. 1982-ல் ஆண்ட்ரூ புளூகல்மன் என்ற அமெரிக்கர் பிசி-டாக் என்ற புரோகிராமை, “பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள், நண்பர்களுக்கும் பிரதி எடுத்துக் கொடுங்கள்” என்று பிளாப்பியில் பரவ விட்டார். நம்பிக்கையை முதலாகப் போட்ட வியாபாரம் அது. வின்ரார் இன்றும் அந்த வழியில்தான் போகிறது. 40 நாள் கழித்துக் காசு கேட்கும், தராவிட்டாலும் கதவை அடைக்காது. அதைக் கேலி செய்யாதவர் இல்லை.

கேலி செய்வோர் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. 2019, 2023, 2025 என்று மூன்று முறை அதில் பெரிய ஓட்டைகள் வெளிவந்து, ஒவ்வொரு முறையும் திருத்திய பதிப்பு வந்தது. நண்பரின் பென் டிரைவில் பத்து வருடமாகச் சுற்றும் வின்ராரை இன்ஸ்டால் செய்தால் எல்லா ஓட்டைகளும் சேர்த்தே வரும். பழைய சி.டி., பென் டிரைவ் சேமிப்புகளை வைத்துப் புதுக் கம்ப்யூட்டரை நிரப்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அதுவும் ஒரு சந்தைதான். கடைக்காரர் நண்பர் என்பதுதான் வித்தியாசம்.

இனிச் சொல்லப் போவது பலருக்குக் கசக்கும். ஷேர்வேருக்குக் காசு கட்ட மனமில்லாதவர்கள் தேடுவது ‘கிராக்’. சில இடங்களில் கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடைக்காரர் ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ‘சும்மா போட்டுத் தருகிறேன்’ என்பார். மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். இது ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு எதை அழைத்து வருகிறீர்கள் என்று பாருங்கள். கிராக் பைலோடு ஒரு குறிப்பு வரும்: “இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்தி வைக்கவும்.” வீட்டுக்கு வருகிறவன் முதலில் நாயைக் கட்டிப் போடச் சொன்னால் உள்ளே விடுவீர்களா? கம்ப்யூட்டரில் விடுகிறோம்!

ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் பரவியதே இந்தப் பாதையில்தான். பெரிய நிறுவனங்கள் அல்ல, கிராக் தேடிய வீட்டுக்காரர்களே அதன் இரை. கம்ப்யூட்டரில் உள்ள போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் அனைத்தையும் பூட்டிவிடும். பைல் பெயர்களின் முடிவில் புரியாத நான்கெழுத்து ஏதாவது ஒட்டியிருக்கும். கூடவே ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி. சில பழைய வகைகளுக்கு மட்டும் 2019-ல் எம்சிசாப்ட் நிறுவனம் இலவசத் திறவுகோல் வெளியிட்டது. மற்றவற்றுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ போனது போனதுதான். ஆபீஸுக்குக் காசு இல்லையா? லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் இருக்கிறது. முதல் வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். கடைக்காரரிடம் “விண்டோஸை மட்டும் பில்லோடு கொடுங்கள், வேறு எதுவும் போடாதீர்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பைல் இறங்கிய பின் இரண்டு நிமிடம் செலவழிக்கலாம். முதலில் அளவு. 7-ஜிப் ஒன்றரை எம்.பி.தான். அதற்கு இருநூறு எம்.பி. பைல் வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. மேலே சொன்ன போலி கிம்ப் பைலை ஏறத்தாழ 700 எம்.பி.க்கு ஊதிப் பெருக்கியிருந்தார்கள். உள்ளே இருந்த திருட்டுச் சரக்கு ஐந்து எம்.பி. அளவுதான். ஏன் இந்தப் பருமன்? பெரிய பைல்களைச் சோதனைத் தளங்கள் ஏற்காது. வைரஸ்டோட்டல் என்ற தளம் உங்கள் பைலை எழுபது சொச்சம் ஆன்ட்டி வைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டிச் சோதித்துத் தரும், இலவசம். ஆனால் அதன் எல்லை 650 எம்.பி. பாஸ்வேர்டு போட்ட ஜிப் பைலாகத் தருவதும் இதே தந்திரம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆன்ட்டி வைரஸால் பார்க்க முடியாது. ஒரு எச்சரிக்கை: வைரஸ்டோட்டலில் ஏற்றும் பைலை மற்றவர்களும் பெற முடியும். புரோகிராம்களை மட்டும் ஏற்றுங்கள், உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டை ஏற்றாதீர்கள்.

எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் பதற வேண்டாம், அது பிழையாகவும் இருக்கலாம். பெரிய பெயர்களில் பல ஒன்றாகச் சொன்னால் அழித்துவிடுங்கள். அதேபோல, பைலை ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இருந்தால் நல்ல அறிகுறி, உத்தரவாதம் அல்ல, சிகிளீனரைப் பார்த்தோமே. விண்டோஸ் பைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும் வழக்கத்தையும் மாற்றிவிடுங்கள். பைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். ‘இன்வாய்ஸ் டாட் பி.டி.எப்.’ என்று தெரிந்தது ‘டாட் இ.எக்ஸ்.இ.’ என்று முடிவதை அப்போதுதான் காண்பீர்கள். பிறகு இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாமல், ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு டிக் குறியையும் படியுங்கள். ஜாவாவை அப்டேட் செய்தால் ஆஸ்க் டூல்பாரும் கூடவே வந்த காலம் ஒன்று இருந்தது. பெரிய நிறுவனங்களே அப்படி என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்.

ஏற்கெனவே எதையாவது போட்டுவிட்டீர்கள் என்றால்? செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், இன்ஸ்டால் செய்த தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். தெரியாத பெயரெல்லாம் அன்றைய தேதியில் வரிசையாக நிற்கும். நீக்கிவிட்டு டிபெண்டரில் ஆப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். வெறும் டூல்பார் என்றால் இதுவே போதும். ஓட்டியது கிராக் என்றாலோ போலித் தளத்து பைல் என்றாலோ அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு எதையும் அடிக்காதீர்கள். போனிலிருந்து அல்லது வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். முதலில் இமெயில், அடுத்து பேங்க். எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யும் வசதி இமெயிலில் உண்டு, அதையும் அழுத்துங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டே இல்லாமல் பிரவுசரின் குக்கீகளை வைத்தே உள்ளே நுழைவார்கள். பிறகு போட்டோ, டாக்குமென்ட்களை மட்டும் வெளியே பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. பணம் போயிருந்தால் பேங்குக்குச் சொல்லிவிட்டு உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் போன பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.